ஆளைத் தேடாதீர், காரணத்தைத் தேடுங்கள்!

விடியற்காலையில் லாரி கிளம்பவில்லை என்றால் முதலில் ஏச்சு வாங்குகிறவர் டிரைவர். அடுத்தபடியாக, "இறங்கித் தள்ளுங்கள்" என்ற உத்தரவு பின்னால் உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்களுக்கு வரும். பாட்டரிக்கு வயதாகிவிட்டதா, டீசல் வருகிறதா என்ற கேள்வி கடைசியில்தான் பிறக்கும். இந்த வரிசை தலைகீழானது என்பதே நமது அபிப்பிராயம்.

தோட்டத்தில் பால் ஏற்றும் லாரியானாலும், சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு ஆள் ஏற்றும் லாரியானாலும் இயந்திரத்தின் நியாயம் ஒன்றே. சிங்கப்பூரில் சரக்கு லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் ஆயுள் 20 ஆண்டு. 10 ஆண்டைத் தாண்டிய வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக்கையும் புகையையும் அங்கே பார்க்கிறார்கள், நல்லதே. ஆனால் பரிசோதனைக்குப் போகும் வண்டி ஓடித்தானே போகிறது! அதிகாலை ஐந்து மணிக்கு அது படுத்தும் பாடு டிரைவருக்கு மட்டுமே தெரியும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக அழுத்தி, அது 500 டிகிரிக்கு மேல் சூடேறியபின் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே வேண்டியவை மூன்று: எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், எண்ணெய் தடையின்றி வர வேண்டும், காற்று ஒழுகாமல் அழுந்த வேண்டும். கிளம்பாத வண்டியில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று குறைந்திருக்கும். எது என்பதைக் காதும் கண்ணும் சொல்லிவிடும்.

'டக்' என்ற ஓசையோடு நின்றாலோ, முனகி முனகிச் சுற்றினாலோ, மின்சாரத்தைப் பாருங்கள். பாட்டரி முனையில் உப்புப் பூத்திருக்கலாம். எர்த் கம்பி தளர்ந்திருக்கலாம். இரண்டு 12 வோல்ட் பாட்டரி சேர்ந்து 24 வோல்ட்டில் ஓடும் வண்டியில் ஒன்று செத்தால் மற்றதும் உதவாது.

நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால், எண்ணெய் எஞ்சினுக்குள் போகவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், அதில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், எஞ்சினை நிறுத்தும் கம்பி சிக்கியிருக்கலாம். இராத்திரி நின்ற வண்டி காலையில் மட்டும் தகராறு செய்தால், குழாயில் எங்கோ காற்று புகுந்து எண்ணெய் தொட்டிக்கே திரும்பியிருக்கும். ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இது பழைய மாதிரி எஞ்சினுக்கே பொருந்தும். காமன் ரெயில் எஞ்சினில் யாரும் குழாயைக் கழற்றக் கூடாது. அதன் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். டீசல் தோலைத் துளைத்து உடம்பில் ஏறிவிடும்.

வெள்ளைப் புகை வந்தும் பற்றவில்லை என்றால் சூடு போதவில்லை. குளிர்நாட்டில் பனியின்மேல் பழி போடலாம். விடியற்காலையிலும் வெதுவெதுப்பாக இருக்கும் சிங்கப்பூரில் அந்தச் சாக்கு செல்லாது. பாட்டரி நன்றாகச் சுற்றுகிற பழைய எஞ்சின் இங்கும் வெள்ளைப் புகை கக்குமானால், பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்து காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அது பட்டறையில் தீரவேண்டிய நோய். டிரைவரை ஏசித் தீராது.

செய்யக் கூடாதவையும் உண்டு. பதினைந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து ஸ்டார்ட்டரைச் சுற்றக் கூடாது. ஒரு நிமிஷமாவது ஆறவிட வேண்டும். ஈதர் மருந்தைப் பீய்ச்சினால் எஞ்சின் வெடித்துச் சேதமாகலாம். ஆள் விட்டுத் தள்ளுவது அதைவிட அபாயம். எஞ்சின் ஓடாத லாரியில் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்குக்கு வலுவிராது. சரிவில் பின்வாங்கினால் முதலில் நசுங்குவது தள்ளியவன் கால்.

நேரம் போய்விட்டதே என்று அப்புறம் பறப்பதும் தகாது. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லாரிக்கு அங்கே வேகவரம்பு 60 கிலோமீட்டர். இழந்த அரைமணியைப் பின்னால் இருக்கும் உயிர்களை வைத்துச் சம்பாதிக்க முடியுமா?

ஸ்டார்ட்டர் எரிந்தால் டிரைவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்று மிரட்டும் முதலாளிமாரும் உண்டு. சிங்கப்பூர் வேலைநியமனச் சட்டம் அவ்வளவு இலகுவாக விடவில்லை. ஒப்படைத்த பொருள் தொழிலாளியின் தவற்றால் சேதமானதாக இருக்க வேண்டும். அவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அப்போதும் பிடிப்பது ஒரு மாதச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தேய்ந்த பாட்டரி டிரைவரின் தவறு அல்லவே!

ஆனால் அதை நிரூபிக்கக் கையில் என்ன இருக்கிறது? இங்கேதான் கிராணித் தோழர்களின் கடமை வருகிறது. "மூன்று நாளாகச் சுற்றல் மந்தம்" என்று டிரைவர் வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதி போட்டு நோட்டில் எழுதியது நிற்கும். நோட்டில் ஒரு வரி எழுத ஒரு நிமிஷம் போதும். அந்த வரி டிரைவரின் சம்பளத்தையும், தள்ளப்போகிறவனின் காலையும் காக்கும்.

பட்டையில் ஆழ வெட்டிவிட்டு மரத்தைத் திட்டுகிறவனைத் தோட்டத்தில் யாரும் மதிப்பதில்லை. பராமரிக்காத லாரிக்காக டிரைவரைத் திட்டுகிற நிர்வாகத்தையும் நாம் மதிக்க வேண்டியதில்லை. டிரைவர் தோழர்கள் சொல்லட்டும்; கிராணிமார் எழுதட்டும்; பழுதைச் சரிசெய்யும் செலவை முதலாளி ஏற்கட்டும்!