காப்பகத்துக்கு எங்கே இடம்?

மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம், அடி உதைக்குத் தப்பி வரும் பெண்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று பேச்செடுத்துப் பாருங்கள். தேவை இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இலங்கையில் ஐந்தில் ஒரு பெண் கணவனின் அல்லது துணைவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வே சொல்கிறது. இடத்தைக் காட்டியதும்தான் சிக்கல். “புருஷன்காரன் குடிச்சிட்டுத் தேடி வருவான், நம்ம பிள்ளைகளுக்குத்தானே ஆபத்து” என்பார் தோட்டத் தலைவர். குடும்பத்தைப் பிரிக்கிற வேலை என்பார் கோயில் கமிட்டிக்காரர். தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்பார் பக்கத்து லயத்து அம்மா.

மூன்றையும் ‘சமூக எதிர்ப்பு’ என்று ஒரே வரியில் அறிக்கையில் எழுதிவிடுகிறோம். அது சோம்பல். ஒரே ஊற்றை நம்பிப் பல லயங்கள் வாழும் இடத்தில் பதினைந்து பேர் புதிதாக வந்தால் வறட்சியில் யாருடைய குடம் காலியாகும் என்பது நியாயமான கேள்வி; தனித் தண்ணீர்த் தாங்கிதான் அதற்குப் பதில். தலைவரின் பயமும் பொய்யல்ல. பொலிசாரின் பொறுப்பை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். ஆனால் குடும்பம் பிரியுமா சேருமா என்பது கட்டட அனுமதி கொடுப்பவர் தீர்க்கும் விஷயமே அல்ல.

லண்டனில் 1971இல் எரின் பிஸ்ஸி தொடங்கிய சிஸ்விக் காப்பகம் உலகறிந்தது. அந்த வீட்டில் 36 பேர்தான் தங்கலாம் என்று உள்ளூராட்சி மன்றம் வரம்பு வைத்தது. சோதனையில் 75 பேர் இருந்தார்கள். இவர்கள் அனைவரும் ஒரே குடித்தனம், ஆகவே வரம்பு பொருந்தாது என்ற வாதம் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. வாசலுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்ப மனமில்லாததுதான் அங்கே குற்றமாயிற்று. கட்டும்போதே நெரிசலைக் கணக்கில் எடுக்காத காப்பகத்துக்கு நல்லெண்ணம் துணைக்கு வராது.

நம் மலையில் நிலைமை இன்னும் சிக்கல். நிலம் அரசினுடையது; 1992க்குப் பிறகு அது கம்பனிகளின் கையில், நீண்டகாலக் குத்தகையில். பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாயிருந்த சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. அக்கரப்பத்தனைக்குத் தனிச் சபை கிடைத்ததும் அவ்வாண்டுதான். மண்சரிவு அபாயமில்லை என்ற அனுமதி கிடைக்கக்கூடிய சரிவுகளைத் தேடினால் அங்கே தேயிலை நிற்கும்.

அடிபடுபவள் ஏன் வெளியேற வேண்டும் என்பது இடத்துக்கும் முந்திய கேள்வி. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒன்றைத் தெளிவாக வைத்திருக்கிறது: அடிப்பவனை வீட்டுக்குள் வரவிடாமல் நீதவான் கட்டளையிடலாம். வெளியேற வேண்டியவள் அவள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் லயன் காம்பரா தோட்ட வேலையோடு ஒட்டியது. அவன் பெயரில் கொடுத்த காம்பராவில் அவளை இருக்கவிடத் தோட்டத் துரை சம்மதிப்பாரா என்ற கேள்வி, நீதிமன்றக் கட்டளையைக் கையில் வைத்திருப்பவளையும் வாசலில் நிறுத்திவிடுகிறது. காப்பகத்துக்கான தேவையில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. தோட்ட நிர்வாகங்களோடும் தொழிற்சங்கங்களோடும் நாம் பேச வேண்டியது முதலில் இதைத்தான்.

அப்படியும் வெளியேற நேர்பவளுக்கு? தோட்டத்துக்குள் காப்பகம் கட்டுவதை இந்த இதழ் ஆதரிக்கவில்லை. ஆட்டோவில் யார் வந்திறங்கினாலும் எந்த வீட்டுக்கு என்று கேட்கும் ஊரில் ரகசியம் ஒரு நாள்கூடத் தாங்காது. கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்புவதும் சரியல்ல. தோட்டத்தில் பேர் விழாது, அதாவது நாட்கூலி போய்விடும்; பிள்ளையின் பள்ளிக்கூடம் நிற்கும், தமிழில் ஆறுதல் சொல்ல ஆள் இருப்பாரா என்பதும் சந்தேகம். முதல் சில இரவுகளுக்கு வைத்தியசாலை வளாகத்தில் ஓர் அறை போதும். ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. நீண்ட தங்கலுக்குத் தலவாக்கலை, ஹட்டன் போன்ற பஜார் நகரங்களில் வாடகை வீடு. அங்கே குடிவருவோரும் போவோரும் வாடிக்கை. புதுக் கட்டடமும் வேண்டாம்.

அந்த வீட்டுக்கான விண்ணப்பத்தை உள்ளூராட்சி சபையின் பொதுக்கூட்டத்தில் வாசிக்கக்கூடாது. தஞ்சம் தேடுபவரின் அடையாளத்தைக் காக்கச் சொல்லும் சட்டம் ஒரு பக்கம் இருக்க, கூட்டக் குறிப்பில் முகவரியைப் பதிவது முறையா? தவிசாளர், செயலாளர், பொதுச் சுகாதார பரிசோதகர், பொலிஸ் பொறுப்பதிகாரி ஆகிய நால்வர் அறிந்தால் போதும். தண்ணீர், கழிவறை, ஆள்தொகை வரம்பு ஆகியவற்றை அவர்கள் கண்டிப்பாகச் சோதிக்கட்டும். அதில் சலுகை கேட்க வேண்டாம். அயலவருக்கு, தொந்தரவு நேர்ந்தால் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். உள்ளே இருப்பவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லாதீர்கள்.