வாரம் ஒரு தலைப்பு, வாரம் ஒரு படம்



உங்கள் கைத்தொலைபேசியில் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? ஆயிரம், இரண்டாயிரம் என்று இருந்தாலும் இன்று அது புதுமையல்ல. பெருநாளன்று எடுத்தவை, பிள்ளையின் பாடசாலை விழாவில் எடுத்தவை, யாரோ அனுப்பிய பூங்கொத்துகள், மருந்துச் சீட்டு, மின்கட்டணப் பட்டியல் என்று எல்லாம் ஒன்றாய்க் குவிந்து கிடக்கும். அவற்றுள், 'இது நான் பார்த்து, ரசித்து எடுத்த படம்' என்று மற்றவருக்கு எடுத்துக் காட்டக்கூடியவை எத்தனை? பத்துத் தேறினாலே பெரிய காரியம்தான்.

பிலிம் சுருள் போட்டுப் படமெடுத்த காலத்தில் ஒரு சுருளில் 24 அல்லது 36 படங்கள்தாம் எடுக்கலாம். ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் காசு செலவாகும். அதனால் எடுப்பவர் நின்றார், பார்த்தார், யோசித்துத்தான் எடுத்தார். இன்று அந்தச் செலவு இல்லை. செலவோடு சேர்ந்து நின்று பார்க்கும் பழக்கமும் நம்மை விட்டுப் போய்விட்டது.

போன பழக்கத்தை மீட்டெடுக்க, பொழுதுபோக்காகப் படமெடுப்போர் கைக்கொள்ளும் நல்ல வழக்கமொன்று இருக்கிறது. அதுதான் வாரத் தலைப்பு. வாரத் தொடக்கத்தில் ஒரு சொல் தலைப்பாகத் தரப்படும். 'வட்டம்', 'நிழல்', 'சிவப்பு', 'காத்திருத்தல்' என்று ஏதாவது ஒன்று. வாரம் முடிவதற்குள் அத்தலைப்புக்குப் பொருந்தும் படம் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்து வரவேண்டும். ஒன்றேயொன்றுதான். பின்னர் எல்லோருடைய படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பேசுவார்கள். புகைப்படக் கழகங்களில் தலைப்புக் கொடுத்துப் போட்டி வைப்பது பழைய வழக்கம். அதையே வாரா வாரம் செய்து, வருடத்துக்கு 52 படங்கள் சேர்ப்பவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள்.

தலைப்பு எதற்கு?

'நல்ல படம் ஒன்று எடுத்து வாருங்கள்' என்று சொன்னால் யாருக்கும் கை ஓடாது. 'வட்டம் ஒன்றை எடுத்து வாருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். காலையில் ரொட்டி தட்டும்போதே வட்டம் ஒன்று தெரியும். கிணற்றின் விளிம்பு வட்டம். தேநீர்க் கோப்பை மேசையில் விட்டுப் போன ஈரத்தடம் வட்டம். இடியப்பத் தட்டு, சட்டைப் பொத்தான், சின்னவனின் துவிச்சக்கர வண்டிச் சில்லு என்று வரிசையாக வந்து நிற்கும். இத்தனை வருடமும் அவை அங்கேதான் இருந்தன. தலைப்பு ஒன்று மனதில் விழுந்த பிறகுதான் கண்ணில் படுகின்றன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தலைப்பைக் கேட்டவுடன் முதலில் தோன்றுவது பெரும்பாலும் எல்லோருக்கும் தோன்றுவதுதான். அதை எடுத்து ஒரு பக்கம் வையுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் வேறு வேலையாய் இருக்கும்போது சட்டென்று ஒன்று தோன்றும். உங்களுக்கே உரிய படம் அதுதான். தலைப்புக்கு ஒரு வாரத் தவணை கொடுப்பதும் இதற்காகத்தான்.

'வீட்டில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?'

பல சகோதரிகள் இப்படிக் கேட்கலாம். மலை, கடல், நீர்வீழ்ச்சி என்று போய்வருபவர்களுக்குத்தானே படமெடுப்பது, குசினிக்கும் வாசலுக்கும் இடையே நாள் போகின்ற நமக்கு என்ன என்று நினைப்பது இயல்புதான். இருவரின் கதையைக் கேளுங்கள்.

செக் நாட்டின் பிராக் நகரில் யோசெப் சுதேக் (1896 - 1976) என்றொரு புகைப்படக் கலைஞர் வாழ்ந்தார். முதலாம் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டாம் உலகப் போரில் அவரது நகரம் ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. வெளியே கமராவோடு நடமாடுவது கடினமான காலம். அவர் தன்னுடைய சிறிய ஸ்டூடியோவின் யன்னலையே படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த ஈரம், வழிந்தோடும் மழைத்துளி, வெளியே நின்ற வளைந்த மரம், யன்னல் விளிம்பில் வைத்த ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு பூ. 1940 முதல் 1954 வரை இந்த ஒரே யன்னலை அவர் எடுத்த படங்கள் உலகப் புகழ் பெற்றன.

மற்றவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். ஜூலியா மார்கரெட் கமரூன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின்னர், 1863இல், தமது 48ஆவது வயதில்தான் கமராவைத் தொட்டார். மகளும் மருமகனும் அன்பளிப்பாய்க் கொடுத்த கமரா அது. வீட்டுக் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் அறையாகவும், நிலக்கரி வைக்கும் அறையைப் படம் கழுவும் இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். 1875இல் கணவரோடு இலங்கை வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடங்கியிருக்கிறார். வயது போய்விட்டது, வசதி இல்லை, இடம் இல்லை என்று அவர் ஒதுங்கியிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்குத் தெரிந்திருக்கும்?

எப்படித் தொடங்குவது?

தனியாகவும் செய்யலாம். ஆனால் மூன்று நான்கு பேர் சேர்ந்தால்தான் சுவை. நீங்கள், மகள், தங்கை, மதினி, பக்கத்து வீட்டு ராத்தா என்று நம்பிக்கையான பெண்கள் சிலர் போதும். விதிகள் இவைதாம்:

1. வெள்ளிக்கிழமை தலைப்பு அறிவிக்கப்படும். அடுத்த வியாழன் இரவுக்குள் படம் வந்து சேரவேண்டும்.

2. தலைப்புச் சொல்வது முறை வைத்து நடக்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாரம், உம்மம்மாவுக்கும் ஒரு வாரம்.

3. அந்த வாரத்தில் எடுத்த படமாக இருக்கவேண்டும். பழைய படத்தைத் தேடி எடுத்து ஒட்டக்கூடாது.

4. ஆளுக்கு ஒரு படம். பத்தை எடுத்து ஒன்பதைக் கழிக்கப் பழகுவதே பயிற்சியில் பாதி.

5. பரிசு வேண்டாம், முதலிடம் வேண்டாம். ஒவ்வொரு படத்தைப் பற்றியும் இரண்டு விடயங்களை மட்டும் சொல்லுங்கள். கண் முதலில் எங்கே போகிறது? எதை நீக்கியிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்?

முதல் எட்டு வாரங்களுக்கு நானே தலைப்புத் தருகிறேன். யன்னல் வெளிச்சம், வட்டம், ஒரே நிறம், நிழல், தண்ணீர், வாசல், கைகள், காத்திருத்தல். முதல் ஐந்தும் கண்ணால் காணக் கூடியவை. 'வாசல்' கொஞ்சம் யோசிக்க வைக்கும். கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்தே வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாமே! கடைசியாக வரும் 'காத்திருத்தல்' மிகக் கடினம். அதைப் பொருளாகக் காட்டமுடியாது, குறிப்பால்தான் உணர்த்தவேண்டும். மஃரிப் பாங்கு ஒலிப்பதற்கு முன் மூடி வைத்த கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் போதும். பாடசாலை விடும் நேரம் கதவருகே சாத்தி வைத்த குடை போதும்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள்

சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழைய கருத்தை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே நாம் காண்கிறோம் என்று 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் விளக்கினார். சிறு துவாரத்தின் வழியே இருட்டறைக்குள் நுழையும் ஒளியையும் ஆராய்ந்தார். இன்றைய கமராவும் அந்த இருட்டறைதான். 'கமரா' என்ற சொல்லுக்கே இலத்தீன் மொழியில் அறை என்றுதான் பொருள். எனவே நாம் எடுப்பது பொருளையல்ல, அதன்மேல் விழும் வெளிச்சத்தை என்பதை நினைவில் வையுங்கள். சில குறிப்புகள்:

கைத்தொலைபேசியின் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். சமையல் கை பட்ட எண்ணெய்ப் படலமே பாதிப் படங்களை மங்கலாக்குகிறது.

மின்குமிழை அணைத்துவிட்டு, பொருளை யன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழும்போதுதான் பொருளுக்கு உருட்சி வரும்.

நம் நாடு பூமத்திய கோட்டுக்கு அருகே இருப்பதால் நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழும். அப்போது நிழல்கள் கறுத்துக் கடுமையாயிருக்கும். காலை 8 மணிக்கு முன்னும் பின்னேரம் 4 மணிக்குப் பின்னும் வெளிச்சம் இதமானது. ஆனால் மாலைப் பொன்வெயில் இங்கே விரைவில் மறைந்துவிடும். ஆயத்தமாய் இருங்கள்.

சோற்றுப் பானையின் ஆவியை எடுக்கவேண்டுமா? ஆவிக்குப் பின்பக்கமாக வெளிச்சமும், அதற்கும் பின்னே இருண்ட சுவரும் இருக்கட்டும். வெள்ளைச் சுவரின் முன் ஆவி தெரியாது.

தூரத்தில் நின்று பெரிதாக்க வேண்டாம். இரண்டு எட்டு முன்னே வாருங்கள். படம் வெளிறித் தெரிந்தால், பெரும்பாலான தொலைபேசிகளில் திரையைத் தொட்டதும் சிறு சூரியக் குறி தோன்றும். அதைக் கீழே இழுத்தால் நிறம் திரும்பிவிடும்.

கமராவுக்கும் அனுமதி வேண்டும்

உயிருள்ளவற்றைப் படமெடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கமராப் படம் கையால் வரைவதைப் போன்றதல்ல என்று அனுமதித்தவர்கள் இருக்கிறார்கள். தேவைக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும் இந்தப் பயிற்சி தடைப்படாது. மேலே சொன்ன எட்டுத் தலைப்புகளில் எதற்கும் முகம் தேவையில்லை.

ஆனால் கருத்து வேறுபாடே இல்லாத விடயம் ஒன்றிருக்கிறது. பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்குமாறு ஸூரதுன் நூர் நமக்குக் கற்பிக்கிறது. கமராவும் ஒரு நுழைவுதான். பக்கத்து வீட்டு முற்றத்தில் காயும் துணிமணி அழகான நிறமாய்த் தெரியலாம். கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் கை நிறைய மருதாணி வைத்த மணமகள் 'கைகள்' என்ற தலைப்புக்கு மிகப் பொருத்தமாய் இருக்கலாம். கேட்காமல் எடுக்காதீர்கள். எடுக்க மட்டும் சம்மதித்தவர், அனுப்பவும் சம்மதித்தார் என்று எண்ணாதீர்கள். நாலு பேருக்கென்று வட்ஸ்அப்பில் அனுப்பிய படம் நானூறு பேரிடம் போன பின் அதைத் திருப்பி எடுக்க யாராலும் முடியாது. படத்தின் ஓரத்தில், கண்ணாடியில், பளபளக்கும் பாத்திரத்தில் வேறு யாரேனும் தெரிகிறார்களா என்றும் பாருங்கள். மகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கும்போது இந்த அமானிதத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். எதை எடுக்கலாம் என்று தெரிந்தவள் எதை எடுக்க விடக்கூடாது என்றும் தெரிந்துகொள்வாள்.

படங்களைப் பாதுகாருங்கள்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்கள் குறுகிய அவகாசத்துக்குள் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருந்தது. 2004 டிசம்பரில் கிழக்குக் கரையோரத்தைக் கடல் புகுந்து அழித்தது. உயிர்களுக்கும் உடைமைகளுக்கும் முன்னால் அல்பம் ஒரு பொருளா என்று அப்போது தோன்றியிருக்கும். ஆனால் 'எங்கள் பழைய வீடு எப்படி இருந்தது உம்மா?' என்று பிள்ளை கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றுமில்லாத தாய்மார் பலர்.

இன்று அந்த ஆபத்து ஒவ்வொரு கையிலும் இருக்கிறது. தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் போதும், இரண்டாயிரம் படங்களும் போய்விடும். மேலும், நாம் எடுத்துச் சேர்ப்பவை பெரும்பாலும் விசேட நாட்களே. புத்தாடையும் பிரியாணிச் சஹனும் இருக்கும். உம்மம்மா நெத்தலி ஆய்ந்த சுளகு, வாப்பா தினமும் அமர்ந்த கதிரை, தேய்ந்துபோன தொழுகைப் பாய் ஆகியவை இருக்காது. இல்லாமற் போன பிறகு நாம் தேடுவதோ இவற்றைத்தான். வாரத் தலைப்புகள் சாதாரண நாட்களின் பக்கம் நம் கண்ணைத் திருப்புகின்றன.

ஆகவே மாத முடிவில் நான்கு படங்களையும் ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். பின்புறம் தலைப்பையும் திகதியையும், எடுத்தவர் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள சகோதரியிடம் கொடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், வருட முடிவில் 52 படங்கள் கொண்ட சிறிய அல்பம் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை தொடங்குவோமா? முதல் தலைப்பு 'யன்னல் வெளிச்சம்'. கண்ணாடியைத் துடைத்து வையுங்கள். வஸ்ஸலாம்.