சமையலறைக்கு இருக்கும் கணக்கு வகுப்பறைக்கு எங்கே?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை கீழ அண்ணாத்தோப்பில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1.14 லட்சம் குழந்தைகள். அடுத்த ஆகஸ்ட் மாதமே 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தது. இதற்கு நிதியும் அரசியல் உறுதியும் மட்டும் காரணமல்ல. திட்டத்தின் விதிகள் அடுப்படி வரை இறங்கி வந்திருந்தன. ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, எந்தக் கிழமை உப்புமா, எந்தக் கிழமை கிச்சடி என எல்லாம் வரையறுக்கப்பட்டன. கிராமங்களில் சமைக்க, அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பருப்பு குறைந்தால் சமைப்பவரின் பிள்ளை தட்டிலும் குறையும். இதைவிடக் கறாரான கண்காணிப்பாளரை எந்த இயக்குநரகமும் நியமிக்க முடியாது.

வகுப்பறைக்கு வந்தால் இந்தத் தெளிவு மங்கிவிடுகிறது. எட்டு வயதுக்குள் எழுத்தும் எண்ணும் கைவர வேண்டும் என்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் இலக்கில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், பாடம் நடத்தும் ஆசிரியரே மதிப்பீட்டையும் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் சொல்லிவருவது நியாயமே. தன் வகுப்பைத் தானே அளக்கும் ஒருவர் குறைந்த மதிப்பெண்ணைத் துணிந்து பதிவார் என்று எதிர்பார்ப்பது ஆசிரியரின் பிழையல்ல, வடிவமைப்பின் பிழை.

உப்புமாவை எடைபோடலாம், படிப்பை எடைபோட முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. மதுரை உள்ளிட்ட 12 மாவட்டங்களில் முதலில் தொடங்கிய, மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியின் பலனை ஆய்வாளர்கள் அளந்தார்கள். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்ததில், கொரோனா கால இழப்பில் சுமார் மூன்றில் இரு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது தெரிந்தது. அந்த மீட்சியில் கால்வாசி மாலை வகுப்புகளால் வந்தது. இப்படி அளந்து பார்த்து விரிவாக்குவதற்காக ஒரு திட்டத்தைச் சிறிதாகத் தொடங்கினால் மற்ற பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமே என்பது வலுவான ஆட்சேபம்தான். காலை உணவுக்கு அந்தக் காத்திருப்பு ஓராண்டுகூட இல்லை. பலன் தராத ஒரு திட்டத்தை மாநிலம் முழுக்க இழுத்துச் செல்வதோ ஒரு தலைமுறையின் தொடக்கக் கல்வியைப் பறித்துவிடும்.

இனி வரும் கல்வி அரசாணைகள், வெளியார் எப்போது அளப்பார்கள் என்ற தேதியோடு வரட்டும். அளந்த முடிவை, கசப்பாக இருந்தாலும், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முன் அரசு வைக்க வேண்டும்.