பதினாறு வயதுக்காரனுக்கு என்ன ஈஸ்டர் கூடை?

ஈஸ்டர் அன்று காலையில் நம்ம இராமநாதபுரம் பக்கத்து தேவாலயங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடுகிறது. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு முட்டை வடிவ சாக்லேட், சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு பென்சில் பாக்ஸ், இல்லையென்றால் ஒரு கேக் துண்டு. ஏழாம் வகுப்பு தாண்டிய பிள்ளைக்கு? அவனுக்கு வேலை கிடைக்கிறது. பெஞ்ச் தூக்கணும், மைக் செட் வயர் இழுக்கணும், பாஸ்கா திருவிழிப்புக்கு விடிய விடிய பாட்டுக்குழுவில் நிற்கணும். எல்லாம் முடிந்தால் "இளைஞர் இயக்கத்துக்கு நன்றி" என்று மைக்கில் ஒரு வரி.

வெளிநாடுகளில் இந்த வயதுப் பிள்ளைகளின் கூடையில் என்ன வைப்பது என்பதே பெற்றோருக்குப் பெரிய யோசனை. சாக்லேட் வைத்தால் 'நான் என்ன சின்னப் பிள்ளையா' என்கிறது பிள்ளை. அதனால் ஹெட்போன், வாசனைத் தைலம், கிஃப்ட் கார்டு என்று போகிறது பட்டியல். 'அது வெள்ளைக்காரன் பிரச்சினை, நமக்கென்ன' என்று தோழர்கள் சிரிக்கலாம். சேரியில் சாதி பேசுகிற தளத்தில் சாக்லேட் முட்டையா என்றும் கேட்கலாம். எனக்கு இது நம்ம பிரச்சினையாகத்தான் படுகிறது.

காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஈஸ்டர் எப்போதும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில்தான் விழும். பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிந்துவிடும், ரிசல்ட் மே மாதம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். படகை நம்பியிருக்கிற ஐஸ் தூக்குகிறவர், மீன் ஏற்றுகிறவர் எல்லாருக்கும் கை சுருங்கிவிடும். தேர்வு முடிந்து, ரிசல்ட் வராமல், வீட்டில் காசும் இல்லாத இந்தச் சந்தை ஒட்டித்தான் ஈஸ்டர் வருகிறது. மில்லுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கரும் அப்போதுதான் வருகிறார். பெண் பிள்ளை என்றால் திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை விடுதி. சுமங்கலித் திட்டம் என்ற பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். பையன் என்றால் வாலிநோக்கம் உப்பளம், முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டம், அல்லது கேரளாவில் கட்டட வேலை. "ரிசல்ட் வர்ற வரைக்கும்தானே, சும்மாதானே இருக்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். போன பிள்ளை கையில் நாலு காசைப் பார்த்தபிறகு கல்லூரி விண்ணப்பத்துக்குத் திரும்பி வருவது கஷ்டம்.

ஈஸ்டர் கூடைக்கும் ஒரு பழைய கதை உண்டு. அந்தக் காலத்தில் தவக்காலம் நாற்பது நாளும் முட்டை சாப்பிடக்கூடாது. கோழிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்த முட்டைதான் ஈஸ்டர் முட்டையானது. போலந்து நாட்டில் இன்றைக்கும் புனித சனிக்கிழமை அன்று ரொட்டி, முட்டை, உப்பு, இறைச்சி வைத்த கூடையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி, மறுநாள் காலையில் வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆக, அது பசியாற்றுகிற கூடை. அப்படியென்றால் சேரியில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த ஏப்ரலில் என்ன பசி என்று கேட்பதில் தப்பில்லை.

என் கணக்கில் முதலில் வைக்க வேண்டியது காகிதம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். 60 ரூபாய் பெரிய காசில்லை. வி.ஏ.ஓ. அலுவலகம், வருவாய் ஆய்வாளர், தாலுகா என்று அலைகிற அந்த நாலு நாள் கூலிதான் பெரிய காசு. ரிசல்ட் வந்தபிறகு எல்லாரும் ஒரே நாளில் போய் நிற்பார்கள். ஏப்ரலில் கூட்டம் இருக்காது.

இங்கேதான் தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்கு விவகாரம் வருகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமுடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். 18 சதவீதத்தில் நிற்க வேண்டிய பிள்ளை 26.5 சதவீதத்துக்குள் போய், நிலமும் கடையும் பள்ளிக்கூடமும் வைத்திருக்கிற சாதிகளின் பிள்ளைகளோடு போட்டி போடுகிறது. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போதே அது தெரிந்துவிடும். பட்டியல் சாதிப் பிள்ளைக்கு 250 ரூபாய், இவனுக்கு 500. அதே தெரு, அதே குழாயடி, தேநீர்க்கடையில் அதே பார்வை. வன்கொடுமை நடந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவனுக்குக் கிடையாது.

1985இல் சூசை வழக்கு என்று ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர் அவர். பக்கத்தில் அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது, இவருக்கு இல்லை என்றது. கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நிரூபணம் வேண்டுமென்றால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கலாம். நடுவில் சாதிச் சுவர் எழுப்பிய கல்லறை அது. கல்லறை திறந்ததைக் கொண்டாடுகிற பண்டிகையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சுவரையும் வைத்திருக்கிற திருச்சபை நம்முடையது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்துக்கும் பட்டியலுக்கும் முடிச்சுப் போடாதே என்றது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். இரண்டு வருடத்தில் அறிக்கை என்றார்கள், பிறகு காலக்கெடுவை நீட்டினார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பிள்ளைகளின் வயது ஆணையத்துக்காகக் காத்திருக்காது.

நம்ம கடற்கரையில் இன்னொரு கூத்தும் உண்டு. 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்று பெயர் திருத்திய சட்டத்தில் கடையர் இருக்கிறார்கள், ஆனால் அடைப்புக்குறிக்குள் 'கடலோரப் பகுதிகள் நீங்கலாக' என்று இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களின் பெயர். ஒரே சாதிப் பெயருக்கு உள்ளூரில் ஒரு நியாயம், கடலோரத்தில் வேறு நியாயம். எந்தப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்று பிள்ளை தெரிந்துகொள்வதற்கே ஒரு வழக்கறிஞர் வேண்டியிருக்கிறது.

இதனால்தான் வீட்டில் ஸ்டெல்லா, சான்றிதழில் செல்வி. இதை ஏமாற்று என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று தேவாலயத்துக்கும் போய்க்கொண்டு வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்கிற அளவுக்கு உச்ச நீதிமன்றமே போய்விட்டது. சாதி ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாது என்று நாட்டில் எல்லாருக்கும் தெரியும். கரைந்துவிட்டதாகச் சட்டம் நடிப்பதுதான் எனக்கு மோசடியாகத் தெரிகிறது. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையிடம் இதை யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தில் எதை எழுதினால் என்ன கிடைக்கும், எது போகும், பின்னாளில் என்ன கேள்வி வரும் என்று முழுசாகச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடமும் பெற்றோரிடமும் விட வேண்டும். அந்த ஒரு மணி நேரப் பேச்சையும் கூடையில் வையுங்கள்.

அதோடு இன்னொரு தாளும் வேண்டும். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மாநில அரசு தருகிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 'நீங்க பி.சி., உங்களுக்குக் கிடையாது' என்று கல்லூரி அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால் நம்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் முதலில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில்தான் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் மட்டும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே. திருச்சபைப் பள்ளியில் படித்த நம்ம பிள்ளைக்கு அது இல்லை. பங்குப் பள்ளியில் சேர்க்கும்போது இதை எந்தச் சாமியாராவது சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இராமேஸ்வரத்துக்காரரான கலாம் கதை எல்லா மேடையிலும் ஓடும். கனவு காணுங்கள் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அவருக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது ஏறக்குறைய 1000 ரூபாய் தேவைப்பட்டது. அக்கா சொகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கனவு கண்டவர் ஒருவர், சேர்க்கைக் கட்டணம் கட்டியது இன்னொருவர். நம்ம தெருவில் அடகு வைக்க வளையல் இல்லாத அக்காதான் அதிகம். அதனால் பத்து வீடு சேர்ந்துதான் இதைச் செய்ய முடியும். வேலைக்குப் போய்விட்ட அண்ணன்மார், அக்காமார் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் ஒரு தெருவில் பிளஸ் டூ முடித்த நாலைந்து பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணம், பஸ் காசு, போட்டோ, ஜெராக்ஸ் எல்லாம் ஆகிவிடும்.

நம்ம ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் பரிசு என்றால் அம்பேத்கர் படம், தடியான ஒரு புத்தகம், அரைமணி நேர உரை. பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் 'இந்தத் தலைமுறையே சரியில்லை' என்போம். பன்னிரண்டு வயதிலிருந்து தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் தூக்கிக்கொண்டு, கடலைக் கொல்லைக்குப் போய் வளர்ந்த பிள்ளை அது. பெரிய மனுஷியாக இருந்து இருந்து அலுத்துப்போயிருக்கும். அவளுக்கும் ஒரு சாக்லேட் முட்டை வேண்டும். அவனுக்கு ஒரு வாலிபால், அவளுக்குக் கண் மையும் நல்ல சீப்பும், இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். இதில் அரசியல் குறைந்துவிடாது. புத்தகமும் வையுங்கள், ஆனால் மெல்லிசாக. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஒரு தலித் கிறிஸ்தவப் பெண் எழுதியது என்பதே பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

கொடுக்கிற விதத்திலும் ஒன்று இருக்கிறது. மேடை போட்டு, பேனர் கட்டி, 'ஏழை மாணவர்களுக்கு ஈஸ்டர் அன்பளிப்பு' என்று பிள்ளையை வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுக்காதீர்கள். பதினாறு வயதில் அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றினால் பள்ளிக்கூடத்தில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து கொடுங்கள். பங்குப் பேரவையில் இருக்கிற தம்பி தங்கச்சிகள் ஒன்று கேளுங்கள்: திருவிழா கணக்கில் வாணவேடிக்கைக்கும் சப்பரத்துக்கும் எவ்வளவு, மேல்படிப்புக்கு எவ்வளவு? கணக்கைக் காட்டச் சொல்வதற்கு இளைஞர் இயக்கத்துக்கு உரிமை இருக்கிறது. பெஞ்ச் தூக்கியது நீங்கள்தானே.

இராமநாதபுரம், பரமக்குடி, திருவாடானை, மண்டபம் பக்கத்தில் இருக்கிற மாணவத் தோழர்கள் குருத்து ஞாயிறுக்குள் உங்கள் தெருவில் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பட்டியலை எடுத்துவிடுங்கள். பெயர், யார் வீடு, சான்றிதழில் எந்தச் சாதி, எந்த மதம் என்று இருக்கிறது, எந்தக் காகிதம் இல்லை, புரோக்கர் வந்து பேசினாரா. ஒரு நோட்டில் நாலு பக்கம் ஆகும். புனித வெள்ளி போனால் தாலுகா அலுவலகம் திறந்திருக்கிற நாள் கொஞ்சம்தான், அதற்கு முன்னால் திங்கள், செவ்வாயிலேயே போய்விடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுச் சான்றிதழ் மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும்.