பொது ஜனங்களின் விடுதிக்கு விலை என்ன?

செங்கற்பட்டு ஜில்லாவில் மாமல்லபுரத்துக் கடலோரத்தில் ஒரு காணி நிலத்துக்கு இன்றுள்ள மதிப்பை உண்டாக்கியவர் யார்? அங்கே ஹோட்டல் கட்டிய முதலாளிகள் என்று சிலர் விடை கூறலாம். அவர்களுடைய முதலுக்கும் முயற்சிக்கும் உரிய பங்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் பல்லவர் செதுக்கிய கற்கோயில்கள் இல்லாவிடில் எந்த முதலாளி அம்மணற்பரப்பைத் தேடி வந்திருப்பார்? 1984ல் அச்சின்னங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2019ல் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தனர். 2022ல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் அங்கே நடந்தேறியது. இவற்றின் பொருட்டுச் செலவானது ஜனங்களின் வரிப்பணம். ஆகவே அந்நில மதிப்பில் பெரும்பகுதி ஜனங்களால் உண்டானதே என்பதில் ஐயமில்லை.

இந்த உண்மையை மறந்ததன் பலனை நாம் ஒருமுறை கண்டிருக்கிறோம். இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமாயிருந்த 'டெம்பிள் பே அசோக்' என்னும் கடற்கரை விடுதி, 2001-02ஆம் வருஷத்தில் சுமார் 6 கோடி ரூபாய்க்குத் தனியார் வசமாயிற்று. அதே 2002ல் கிழக்குக் கடற்கரைச் சாலை புதுப்பிக்கப்பட்டுச் சுங்கச் சாலையாயிற்று. சென்னைவாசிகளுக்கு மாமல்லபுரம் அண்டை வீடு போலாயிற்று. வாங்கியவர்களைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அவர்கள் முதலிட்டு அதை வளர்த்தனர். குறையெல்லாம் விற்றவர்களுடையது. சாலை வரும் தறுவாயில், சாலையோரத்துச் சொத்தை விற்பவன் விவேகியாவானா?

நிற்க. ஹோட்டலின் மதிப்பு செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் அடங்கியதன்று. இன்றிரவு காலியாகக் கிடக்கும் அறையை நாளை இருமுறை வாடகைக்கு விட முடியாது. நூறு அறைகளில் 60 நிறைந்து, அறைக்கு 5,000 ரூபாய் கிடைத்தால் அன்றைய வரும்படி 3 லட்சம். 70 அறைகள் நிறைந்து, வாடகையும் 6,000 ஆனால் வரும்படி 4 லட்சத்து 20 ஆயிரம். செலவு அந்த அளவுக்கு ஏறுவதில்லையாதலால் லாபம் பன்மடங்காகும். எனவே இனி வரக்கூடிய வரும்படியைக் கணக்கிட்டே ஹோட்டலை மதிக்க வேண்டும். நிர்வாகம் கெட்ட விடுதியின் பழைய கணக்கைக் கொண்டு விலை குறித்தால், நிர்வாகிகளின் குற்றத்துக்கு உடைமையாளராகிய ஜனங்கள் தண்டம் இறுப்பதாகும்.

மற்றொரு காரணமும் உண்டு. 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை விதிகள் கரையையொட்டிக் கட்டிடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்துகின்றன. 2010ல் திருத்தப்பட்ட சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டிடங்களைத் தடுத்து, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெறச் சொல்கிறது. இவ்விதிகள் நன்மையானவையே. ஆனால் புதிதாகக் கட்ட இடம் அருகும்போது, முன்பே நிற்கும் விடுதியின் மதிப்பு ஏறுமன்றோ? அத்தகைய விடுதியொன்று, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பெயரில் இன்றும் மாமல்லபுரத்தில் பொதுச் சொத்தாக நிற்கிறது.

சர்க்கார் ஹோட்டல் நடத்தத்தான் வேண்டுமா என்று கேட்போருக்கு நம் விடை இது: நடத்தும் வேலை வேறு, நிலத்தின் உடைமை வேறு. பங்களூர் அசோக் ஹோட்டல் 2001ல் விற்கப்படவில்லை. 30 வருஷக் குத்தகைக்கே விடப்பட்டது. நிலம் ஜனங்களுடையதாகவே இருந்தது. 2021ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட பணமாக்கல் திட்டத்திலும் புதுச்சேரி உள்ளிட்ட 8 ஹோட்டல்கள் இடம் பெற்றன. ஆகவே இது பழங்கதையன்று.

நாம் வேண்டுவது மூன்று. கடலோரப் பொது நிலம் விற்கப்படலாகாது. குத்தகைக்கு விட்டால், நிச்சயமான வாடகையோடு விற்றுமுதலில் பங்கும் பெற வேண்டும். மதிப்பீட்டுக் கணக்கு ஒப்பந்தத்துக்கு முன்பே ஜனங்களின் பார்வைக்கு வர வேண்டும். கையெழுத்தான பின் கூச்சலிடுவதில் பயனில்லை. பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இப்போதே விழித்திருப்பார்களாக!