எட்டா, ஒன்பதா?

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பமொன்றைச் சந்திக்கச் சென்றிருந்தோம். முன்கூடத்தில் தந்தைக்கும் ஐந்தாம் வகுப்பில் பயிலும் மகனுக்குமிடையே வாக்குவாதம். “கோள்கள் எட்டு” என்றான் சிறுவன். “ஒன்பது! நான் படிக்காததா? பள்ளியில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்களோ!” எனச் சினந்தார் தந்தை. சிறுவன் தலைகுனிந்து நின்றான்.

சிறுவன் கூறியதே சரி. 1930-ல் கண்டுபிடிக்கப்பெற்ற புளூட்டோ நெடுங்காலம் ஒன்பதாம் கோளாக எண்ணப்பட்டு வந்தது. 2005-ல் ஏறத்தாழ அதே பருமனுள்ள ஏரிஸ் என்பது அறிவிக்கப்படவே, அதனையும் கோளெனக் கொள்வதா என்ற வினா எழுந்தது. 2006 ஆகஸ்டு 24 அன்று பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், கோள் என்பதற்கு இலக்கணம் வகுத்துப் புளூட்டோவைக் குறுங்கோள்களுள் சேர்த்தது. தந்தை பொய்யாகப் படித்துவிடவில்லை. அவர் காலத்து அறிவு அது. இன்று மகன் படிப்பதிலும் நாளை சில மாறலாம். ஆகவே, விடையை மட்டுமன்று, அவ்விடை எவ்வாறு கிட்டிற்று என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும்.

அறிவு மாறுவது போன்றே, குழந்தை கற்கும் விதம் பற்றிய கருத்தும் மாறி வந்துள்ளது. திரும்பத் திரும்பச் செய்வதாலும், பாராட்டுப் பெறுவதாலும் பழக்கம் வலுப்பெறும் என்றனர் அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் போன்றோர். வாய்ப்பாட்டையும் செபங்களையும் நாம் அவ்வாறே கற்றோம், அதனை இகழ்வதற்கில்லை. ஆனால், அது மட்டும் போதுமா?

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே காட்டிய சோதனையை இல்லத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரு குவளைகளில் சமமாக நீர் நிரப்பி, ஐந்து வயதுக் குழந்தைக்குக் காட்டுங்கள். பின்னர், அதன் கண்ணெதிரிலேயே ஒன்றிலுள்ள நீரை உயர்ந்து ஒடுங்கிய குவளைக்கு மாற்றுங்கள். எதில் நீர் மிகுதி என வினவினால், உயர்ந்ததில் என்றே பெரும்பாலும் கூறும். இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் அக்குழந்தையே, “அதே நீர்தானே!” என்று நகைக்கும். குழந்தை வெறும் பாத்திரமன்று. தானே எண்ணிப் பார்த்துத் தன் அறிவைக் கட்டி எழுப்புகிறது என்பது இதனால் விளங்கும். தனித்துச் செய்ய இயலாததைப் பெரியோர் துணையால் செய்து, பின் தானாகவே செய்யும் என்றார் ரஷிய அறிஞர் விகோட்ஸ்கி.

கத்தோலிக்கப் பெண்மணியும் மருத்துவருமான மரியா மாண்டிசோரி, 1907-ல் ரோமையின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் குழந்தைகள் இல்லம் அமைத்து, கைகளால் தொட்டுச் செய்து கற்கும் முறையை வளர்த்தார். 1939-ல் சென்னைக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். இன்று வகுப்பறையில் மணிகளும் அட்டைகளும் குழுப் பேச்சும் காணப்படுகின்றன என்றால், அதன் பின்னே இத்தகையோரின் உழைப்பு உள்ளது.

ஆயினும், “பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஏடு நிறைய எழுதவில்லையே” என்று பெற்றோர் பலர் குறைகூறக் கேட்கிறோம். புதியன யாவும் நல்லன என்று நாம் கூறவில்லை. மனனமும் பயிற்சியும் என்றும் வேண்டும். ஆனால் பொருளறியாத மனனம், தேர்வு முடிந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும். மேலும், வினவும் குழந்தையை வாயடைக்கச் செய்வோமாயின், பள்ளியில் ஆசிரியர் கட்டுவதை இல்லத்தில் நாமே இடிப்பவர்களாவோம்.

பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்திற்று. அப்பொறுப்பிற்குப் பட்டங்கள் தேவையில்லை. “ஏன்? எப்படித் தெரியும்? எனக்கும் சொல்” என்று கேட்கும் பொறுமை போதும். மாலைச் செபத்திற்குப் பின் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்கலாகாதா?

அன்று அச்சிறுவனிடம் பாடநூலைக் கொண்டுவரச் சொன்னோம். தந்தை வாசித்தார், சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “ஏன் எட்டாயிற்று? எனக்கு விளங்கச் சொல்” என்றார். மகன் முகம் மலர்ந்து சொல்லத் தொடங்கினான்.

பன்னிரண்டு வயதில் ஆண்டவர் இயேசு ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து, செவிமடுத்துக் கொண்டும் வினவிக் கொண்டும் இருந்தார் அன்றோ? நம் இல்லங்களிலும் பிள்ளைகள் அச்சமின்றி வினவட்டும். நாமும் அவர்களோடு கற்போமாக.