தரை நாமே போடலாமா?

குடும்பஸ்தர்களுக்கு அவ்வப்போது ஒருவித வீரம் வருவதுண்டு. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாவது காப்பி உள்ளே போன பிறகுதான் அது வரும். "இதற்கெல்லாம் எதற்காக ஆள்? நாமே செய்துவிட்டால் போகிறது!" என்று அவர்கள் சொல்லும்போது, வீட்டில் உள்ள மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நமது வீட்டிலும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எட்டு வருஷங்களுக்கு முன் நாம் சொந்தக் கையால் செய்த புத்தக அலமாரி இன்றுவரை சுவரில் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது. அதன் ஒரு காலுக்கு அடியில் பழைய இலக்கணப் புத்தகம் ஒன்று இருக்கிறது. இலக்கணத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் மாணாக்கர்களுக்கு நாம் அதைக் காட்டுவது வழக்கம்.

இம்முறை பிரஸ்தாபத்துக்கு வந்த விஷயம் அலமாரி அல்ல, தரை.

நாம் உத்தியோக நிமித்தமாகக் குன்னூரில் குடியேறி, ஒரு சிறிய வீட்டையும் வாங்கிக்கொண்டவர்கள். சென்ற வருஷம் கார்த்திகையில் நமது தாயாரைத் தஞ்சை ஜில்லாவிலிருந்து அழைத்து வந்தோம். அவருக்கு வயது 78. குறை சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனால் விடியற்காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன், கால்களைத் தொங்கவிட்டபடி சிறிது நேரம் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதை நாம் கவனித்தோம். மலைக் குளிரில் சில்லிட்டுக் கிடந்த சிமெண்டுத் தரையில் கால் வைக்கத்தான் அந்த யோசனை! கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் அந்தக் காலுறையே வழுக்கிவிட, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தப்பினார். பவானி ஜமுக்காளத்தை விரித்தோம். அதன் ஓரம் தடுக்கிற்று. இந்த வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பிறகு எழுந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே, தாயாரின் அறைக்கு மரத் தரை மாதிரியான ஒன்றைப் போடுவது என்று தீர்மானித்தோம். தீர்மானித்தோமே தவிர, மாசி பிறந்து வெயிலும் வந்ததும் மறந்துபோனோம். வீட்டுக் காரியங்களின் சுபாவம் அது. மறுபடியும் புரட்டாசியில் மேகம் இறங்கியபோதுதான் ஞாபகம் வந்தது. "யார் போடுவது?" என்ற கேள்வியும் கூடவே வந்தது.

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறோம். லாமினேட் தரை என்பது இதன் பெயர். கடைகளில் 'வுடன் ஃப்ளோரிங்' என்றே சொல்லி விற்கிறார்கள். பெயரைக் கேட்டு முழு மரம் என்று மயங்கிவிடக் கூடாது. மர நாரைப் பிசினுடன் சேர்த்து மிகுந்த அழுத்தத்தில் இறுக்கிய பலகைதான் இதன் உடல். அதன்மேல் மரத்தின் ரேகைகளை அச்சிட்ட காகிதம். அதற்கும் மேலே தேய்மானத்தைத் தாங்கும் மெலமின் பிசின் தாள். பலகை வளைந்துவிடாதபடி அடிப்பக்கத்தில் இன்னொரு தாள். ஆக நான்கு அடுக்குகள். தேக்கின் படத்தைத்தான் நாம் மிதிக்கிறோம், தேக்கை அல்ல. ஆனாலும் சிமெண்டைப் போல் இது காலின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சுவதில்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

இதை 1977-ஆம் வருஷத்தில் கண்டுபிடித்தவர்கள் ஸ்வீடன் தேசத்துப் பெர்ஸ்டார்ப் கம்பெனியார். ஆதியில் பலகைகளைப் பசை போட்டு ஒட்டவேண்டியிருந்தது; அது தொழிலாளியின் வேலை. 1996, 1997-ஆம் வருஷங்களை ஒட்டி ஸ்வீடனிலும் பெல்ஜியத்திலும் ஒரு புதிய இணைப்பு முறை வந்தது. ஒரு பலகையின் நாக்கை மற்றொன்றின் காடியில் சாய்வாக நுழைத்து அமுக்கினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பசை வேண்டாம்; ஆணி வேண்டாம்; பழைய தரையைப் பெயர்க்கவும் வேண்டாம். அறை முழுவதும் ஒரே பாயைப்போல அது தரையின்மேல் சும்மா கிடக்கிறது. இந்த 'டக்' என்ற சப்தம்தான் உலகெங்கும் எத்தனையோ குடும்பஸ்தர்களை ஞாயிற்றுக்கிழமைத் தச்சர்களாக்கியிருக்கிறது.

நாமும் ஆகியிருப்போம். அதற்குள் நமது பள்ளிக்கூடத்து நண்பர் ஒருவரின் கூடத்தைப் பார்க்க நேர்ந்தது. அவர் நம்மைப்போல் துணிச்சல்காரர் அல்ல. கடைக்காரர் அனுப்பிய ஆளிடமே வேலையை ஒப்படைத்தார். வந்தவர் வெகு சுறுசுறுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கூடம் முழுவதும் பலகை பரப்பி, சுவரோடு சுவராக இறுக்கி முடித்து, கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பார்ப்பதற்குப் பிரமாதமாக இருந்தது. ஐப்பசி மழை வந்தது. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பலகைகள் பருத்தன. பருத்தவை நகர்வதற்கு இடம் இல்லை. நடுக்கூடத்தில் தரை ஒட்டகத்தின் முதுகுபோல் எழும்பிவிட்டது! கடையில் போய்க் கேட்டதற்கு, "எல்லாம் சீதோஷ்ணத்தின் கோளாறு, ஸார்!" என்றார்களாம். சீதோஷ்ணம் வந்து பதில் சொல்லப் போவதில்லை அல்லவா?

அன்றுதான் நமக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. நாமே போடுவதா, ஆளை வைப்பதா என்பது இரண்டாவது கேள்வி. பலகைக்கு அடியிலும் ஓரத்திலும் மறைந்து போகிற வேலையை யார் பொறுமையாகச் செய்வார்கள் என்பதே முதற் கேள்வி. கூலியாள் அவசரப்பட்டாலும் தரை கெடும்; வீட்டுக்காரர் அவசரப்பட்டாலும் கெடும். ஆகையால் நம்மை நாமே பரீட்சை செய்துகொள்வது என்று நிச்சயித்தோம். பிறரைப் பரீட்சை செய்தே காலம் கழிப்பவர்களுக்கு இது நல்ல அனுபவம்.

முதற் பரீட்சை, மட்டம். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான மட்டக்கட்டையைத் தரையில் பல இடங்களில் வைத்துப் பார்க்கவேண்டும். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. அதற்கு மேல் பள்ளம் இருந்தால், மிதிக்கும்போதெல்லாம் பலகை தாழ்ந்து எழும். நாளடைவில் பூட்டு முறிந்துவிடும். நமது அறையில் ஜன்னலோரம் 7 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தது. இத்தனை வருஷமாக அதன்மேல் நடந்தும் நமக்கு அது தெரியாது!

இரண்டாவது பரீட்சை, ஈரம். இரண்டு அடிச் சதுரமான பாலிதீன் தாளைத் தரையில் பரப்பி, நாலு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். தாளின் மேற்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம். அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது தரையிலிருந்து வந்தது. இறுக்கிய மர நார் தண்ணீரைக் குடித்து ஒருமுறை உப்பிவிட்டால், பிறகு காய்ந்தாலும் பழைய உருவத்துக்குத் திரும்புவதில்லை. பலகைக்கு அடியில் பாலிதீன் விரிப்பும் நுரை விரிப்பும் போடுவது அவசியந்தான். ஆனால் அவை சாதாரணக் கசிவுக்குத் தடையே அன்றி, ஒழுகும் குழாய்க்கு மருந்தல்ல. நாம் மூன்று இடங்களில் தாள் ஒட்டினோம். இரண்டு இடங்கள் தேறின. ஸ்நான அறையை அடுத்த மூலை தவறிவிட்டது.

மூன்றாவது பரீட்சை, கணக்கு. இதில் நாம் கொஞ்சம் தைரியமாகவே உட்கார்ந்தோம். அறையின் நீளம் 12 அடி; அகலம் 9¾ அடி. பரப்பு 117 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் சுமார் 129. நாம் பார்த்த பலகை 1215 மில்லிமீட்டர் நீளமும் 195 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. பெட்டிக்கு 8 பலகைகள். அதாவது 20 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஆகவே 7 பெட்டிகள் வேண்டும். இவ்வளவோடு கணக்கு முடிந்துவிடவில்லை. நண்பர் வீட்டு ஒட்டகத்தை நினைத்து, அகலத்தில் இரண்டு சுவர்ப் பக்கமும் 10 மில்லிமீட்டர் இடம் விட்டால், மிச்சம் 2952 மில்லிமீட்டர். முழுப் பலகையாக 15 வரிசைகள் போட்டால் 2925 போய்விடும். கடைசி வரிசைக்கு நிற்பது வெறும் 27 மில்லிமீட்டர்! அந்த ஒல்லித் துண்டு நிலைத்து நிற்காது. கடைசி வரிசை 50 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. முதல் பலகையை வைக்குமுன்பே இதைக் கண்டுகொண்டால், முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 111 மில்லிமீட்டராக அறுத்துக்கொண்டு, நடுவில் 14 முழு வரிசைகள் போட்டுவிடலாம். பதினைந்து வரிசைகள் போட்ட பிறகு கண்டுகொண்டால், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

மற்ற நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பெட்டிகளைப் பிரிக்காமல், அந்த அறையிலேயே 48 மணி நேரம் படுக்கை வசமாக வைத்திருக்க வேண்டும். பலகையும் அறையின் காற்றோடு பழகவேண்டுமல்லவா? அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டுகள் ஒரே நேரில் வராமல், ஓர் அடியாவது தள்ளி வரவேண்டும். சுவரோரத்து இடைவெளியைப் பார்த்து முகம் சுளித்து, அதைச் சிமெண்டால் அடைத்துவிடக் கூடாது. ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். அந்தப் பட்டையைச் சுவரில்தான் பொருத்தவேண்டுமே தவிர, பலகையில் அறையக் கூடாது. தரை சுமார் 10 மில்லிமீட்டர் உயருமாதலால், கதவின் அடியை இழைக்க நேரும். மேற்பரப்பு மிகவும் பளபளப்பாக இருந்தால் காலுறையோடு இதிலும் வழுக்கும். ஆதலால் சொரசொரப்பான ரகமாகத் தேர்ந்துகொள்வது நலம். ஃபார்மால்டிஹைடு வாயு குறைவாக வெளிப்படும் பலகைகளுக்கு ஈ1 என்ற குறி உண்டு. மூடிய அறையில் வயோதிகர் படுக்கும் இடமாதலால், அதையும் பார்த்து வாங்கவேண்டும்.

சமவெளியில் வசிக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலில் வெறுந்தரையில் படுத்து உறங்கும் சுகத்தைப் பலகை தராது. வெள்ளிக்கிழமை தோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் வீட்டுக்கும் இது ஏற்றதல்ல. பிழிந்த துணியால் துடைப்பதோடு திருப்தி அடையவேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வெள்ளம் புகுந்த கீழ்த் தளங்களைப் பார்த்தவர்கள், அங்கே மர நாரைப் பரப்ப யோசிப்பார்கள். அத்தகைய வீடுகளுக்கு ஆத்தங்குடிக் கல்லோ, காவிச் சிமெண்டோ எவ்வளவோ மேல்.

இனி நமது தீர்ப்பு. இரண்டு பரீட்சைகளில் தவறிய செய்தியை இராத்திரிச் சாப்பாட்டின்போது சபையில் வெளியிட்டோம். "அப்படியானால் ஆளைக் கூப்பிடுங்கள்" என்றாள் நமது சகதர்மிணி. அவள் பார்வை அலமாரியின் பக்கம் போய்வந்ததை நாம் கவனியாததுபோல் இருந்துவிட்டோம். அப்போது தாயார், "ஏண்டாப்பா, ஊரிலே மண்தரை மெழுகின நாளிலே நாங்கள் என்ன செய்வோம், தெரியுமோ? அடித்தரை காயாமல் மேலே மெழுகினால் வறட்டி மாதிரி பெயர்ந்து வந்துவிடும். காய்கிறவரைக்கும் திண்ணையிலே படுத்துக்கொள்வோம். எனக்கு என்ன அவசரம்?" என்றார்.

உலகத்தார் பாலிதீன் தாளை ஒட்டித் தெரிந்துகொள்வதை அவர் சாணி மெழுகியே தெரிந்துகொண்டிருக்கிறார். அவர் சொன்னபடியே திட்டம் வகுத்தோம். சுவருக்குள் கசியும் குழாயைக் குழாய்க்காரர் மாற்றிவிட்டார். ஜன்னலோரப் பள்ளத்தைக் கொத்தனார் நிரவிக் கொடுத்திருக்கிறார். இந்த இரண்டும் நம்மால் ஆகாத வேலைகள். அவற்றுக்குக் கூலி கொடுப்பதில் வெட்கம் இல்லை. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் மறுபடி தாள் ஒட்டிப் பார்ப்போம். தேறினால், பலகை பூட்டும் வேலையை நாமே செய்வோம். கதவை இழைக்க மட்டும் ஆசாரியார் வருவார். பழகாத கைகளுக்கு இரண்டு நாள் பிடிக்கும்; முழங்கால் நோகும். அவசரத்தில் ஒரு பெட்டிப் பலகையைப் பாழாக்கினால், மிச்சம் பிடித்த கூலியில் ஒரு பங்கு போய்விடும். இவ்வளவும் தெரிந்தேதான் இறங்குகிறோம். தேறாவிட்டால், இன்னும் ஒரு மாதம் காத்திருப்போம்.

அதுவரையில் தாயாரின் கால்களுக்கு என்ன வழி? அதற்கும் சகதர்மிணியே வழி கண்டுபிடித்தாள். ரப்பர் அடி வைத்த கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து, கட்டிலடியில் வைத்துவிட்டாள். வீட்டுக்குள் செருப்பா என்று தாயார் முதலில் மறுத்தார். பூஜை அறைப் பக்கம் அதைப் போட்டுக்கொண்டு போவதில்லை என்ற நிபந்தனையின்பேரில் சம்மதித்திருக்கிறார். இப்போதெல்லாம் விடியற்காலையில் கட்டிலின் ஓரத்தில் அவர் யோசித்துக்கொண்டு உட்காருவதில்லை.

மூன்று வார காலம் மட்டக்கட்டையோடும் கணக்கு நோட்டோடும் நாம் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, இந்தச் செருப்பு யோசனை நமக்கு ஏன் தோன்றவில்லை என்பதை மட்டும் இன்னும் யாரும் நம்மைக் கேட்கவில்லை. கேட்காதவரையில் நல்லது.